பரசுராமனை எடுத்துப் போன பிற்பகல்

சந்தனக் கிண்ணத்தில் பன்னீர் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தபோது சௌமியாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. ஓட்டல் வாசலில் முதல் பேருந்து வந்து நின்றிருந்தது. சுற்றுலா நிறுவனங்களின் கூட்டத்துக்காகச் சென்னையிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் வந்தவர்கள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒவ்வொருவராக இறங்கி, கைகளை மேலே நீட்டிச் சோம்பல் முறித்து, எதிரே தெரிந்த மலையை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் கோயில் இருக்கும் பக்கம் கும்பிட்டார். இன்னொருவர் கைப்பேசியில் படம் எடுத்தார். சௌமியா தட்டை ஏந்திக்கொண்டு வரிசையின் முன்னால் போய் நின்றாள். வருகிறவர்களுக்கு நெற்றியில் பொட்டு வைத்து, "வணக்கம், வெல்கம்" என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது பல் தெரிய வேண்டும்.

போன் மறுபடியும் அதிர்ந்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. தம்பி பிரேம்குமார் இந்த நேரத்தில் ஷேர் ஆட்டோவோடு ஆர்.கே.பேட்டை ரோட்டில் இருப்பான், சும்மா கூப்பிடமாட்டான். அம்மாவுக்கு அவளாகப் போன் போடத் தெரியாது. அப்படியானால் அது என்ன செய்தி என்று சௌமியாவுக்கு மூன்றாவது அதிர்விலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அவள் கை அடுத்த நெற்றிக்குப் போனது. பொட்டு வைத்தாள். பல் தெரியச் சிரித்தாள். தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், "எவ்வளவு அழகா சிரிக்கிறே" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். பேருந்தில் வந்தவர்கள் கடைசி ஆள் வரை உள்ளே போன பிறகுதான் அவள் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நைனா பூட்டாருக்கா" என்றான் பிரேம்குமார். அவன் அழவில்லை. ஓடி வந்தவன்போல மூச்சு வாங்கினான். "கஞ்சி குடுக்கலாம்னு அம்மா எழுப்பிச்சு. எழுந்துக்கல."

விரிப்புகளிலிருந்து சோப்பு வாசனையும் இஸ்திரிச் சூட்டு வாசனையும் வந்தன. அவள் ஒரு விரிப்பின் மடிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் வரவில்லை. மூக்குத்தான் எரிந்தது.

அந்த ஓட்டல் நின்ற இடம் முன்பு நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த நிலம். அப்பா பரசுராமன் அதில் கூலிக்கு உழுதவர். திருப்பதி போகிறவர்களும் வருகிறவர்களும் அப்படியே திருத்தணியிலும் சற்று நேரம் இறங்கிப் போகிறார்கள், தங்குவதற்கு நல்ல இடம் இருந்தால் தங்குவார்கள் என்று யாரோ கணக்குப் போட்டார்கள். நிலத்துக்காரர் விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனார். விற்றவருக்கு விலை கிடைத்தது. வாங்கியவருக்கு இடம் கிடைத்தது. உழுதவருக்கு மலையடிவாரத்தில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வேலை கிடைத்தது. பரசுராமன் வெயிலில் நின்றுகொண்டு சிவப்புத் துணியை ஆட்டி வண்டிகளை ஒதுக்கினார். குத்தகைக்காரன் விசில் வாங்கிக் கொடுத்திருந்தான். அவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார், ஊதமாட்டார். "ஊதேன்யா, வாயில இன்னா கொழுக்கட்டையா" என்று அவன் திட்டுவான். அவர் சிரித்துக்கொண்டு துணியை இன்னும் கொஞ்சம் வேகமாக ஆட்டுவார். வீட்டிலும் அவர் அப்படித்தான். சோற்றில் உப்பில்லை என்றால்கூடச் சொல்லாமல், எழுந்துபோய்த் தானே உப்பு எடுத்துப் போட்டுக்கொள்கிற மனிதர்.

சௌமியா அரக்கோணத்துக்கு ரயிலில் போய்வந்து சுற்றுலா மேலாண்மை படித்தாள். அந்தப் படிப்பு என்னவென்று அவருக்குப் புரிந்ததில்லை. "ஊருக்கு வர்றவங்கள நல்லா பாத்துக்கற படிப்பு" என்று தெருவில் சொல்லி வைத்திருந்தார். கல்லூரிக் கருத்தரங்கில் சுற்றுலாவும் நாட்டின் பொருளாதார வளர்ச்சியும் என்று அவள் பேசிப் பரிசு வாங்கி வந்தபோது, அந்தக் கோப்பையைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்துத் தினமும் தோள்துண்டால் துடைத்தார். ஓட்டல் திறந்ததும் அவளுக்கே முதலில் வேலை கிடைத்தது. பிறகு அவள் சொல்லித் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். முன்பெல்லாம் அவர்கள் விடிவதற்கு முன்னால் கம்பெனி வேனில் ஏறி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போய், இருட்டிய பிறகு திரும்பியவர்கள். இப்போது நடந்துபோய் நடந்து வந்தார்கள். அதை இல்லையென்று சொல்ல முடியாது. சில நாள் சாயங்காலங்களில் பரசுராமன் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் நின்று, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பட்டுச்சேலையில் நிற்கும் மகளைப் பார்த்துவிட்டுப் போவார். கூப்பிடமாட்டார். கையும் ஆட்டமாட்டார்.

போன ஆடிக் கிருத்திகைக்குக் கார்கள் மலையடிவாரம் தாண்டி ரயில்வே கேட் வரைக்கும் நின்றன. அந்த வெயிலில்தான் அவர் சரிந்து விழுந்தார். ஒரு கைகால் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. இருந்த பேச்சே கொஞ்சம் என்பதால் அந்த நஷ்டம் வீட்டில் யாருக்கும் சட்டென்று உறைக்கவில்லை. அன்றிலிருந்து இன்றைய தை மாதக் காலை வரை அவர் கட்டிலில் கிடந்தார்.

மேலாளர் ராகவேந்திரா அந்த விரிப்பு அறைக்கே வந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். நல்ல மனிதர். வேலைக்கு வருகிற பெண்களை வாங்க போங்க என்றுதான் பேசுவார். அவர் கையிலிருந்த வாக்கி டாக்கியை அணைத்தார். கூட்டம் நடக்கும் நாளில் அவர் அதை அணைத்து அவள் பார்த்ததில்லை.

"கிளம்புங்க சௌமியா. வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன். ஃபிரீசர் பாக்ஸ் நம்ம வண்டியிலயே அனுப்பச் சொல்லிட்டேன். நாற்காலி, ஷாமியானா, என்ன வேணும்னாலும் கேளுங்க."

"தேங்க்ஸ் சார்."

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். அவர் நகரவில்லை.

"இன்னிக்கே எடுத்துடுவீங்களா?"

"ஆங் சார். பொழுது சாயறதுக்குள்ள."

அவர் விரிப்புகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இத நான் உங்ககிட்ட கேக்கவே கூடாது. இன்னிக்கு வந்திருக்கறவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும். ரெண்டாவது பிளாக் கட்டறதும் கட்டாததும் இவங்க பாத்துட்டுப் போறதுலதான் இருக்கு. சாப்பாடு, டீ எல்லாம் புல்வெளியிலதான் போட்டிருக்கோம்." கொஞ்சம் நிறுத்தினார். "மேளம் மட்டும் இல்லாம பாத்துக்க முடியுமா? வெடியும். முடியலன்னா பரவால்ல. நான் வேற ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவர் வேறொன்றும் சொல்லவில்லைதான். இரண்டாவது கட்டடம் எழுந்தால் பிரேம்குமாருக்கு ஓட்டல் காரில் டிரைவர் வேலை என்று பேச்சு இருந்ததை அவர் நினைவுபடுத்தவில்லை. தெருவில் இன்னும் எத்தனை பெண்கள் வேலை கேட்டுச் சௌமியாவிடம் வந்துபோகிறார்கள் என்பதையும் சொல்லவில்லை. அதெல்லாம் அவளுக்கே தெரிந்திருந்தது. "சொல்லிப் பாக்கறேன் சார்" என்றாள். சொன்ன பிறகுதான், அப்பா செத்ததும் நான் முதலில் ஒத்துக்கொண்டது இதையா என்று அவளுக்குத் தோன்றியது.

அவர்கள் வீடு இருந்த ஏரிக்கரைத் தெரு ஓட்டலின் பின்மதிலை ஒட்டித் தொடங்கும். தெருவிலிருந்து இடுகாட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஓட்டலைச் சுற்றிக்கொண்டு, முன்வாசலைக் கடந்து, ஆற்றுப் பக்கம் திரும்ப வேண்டும். ஏரிக்கரை மேல் வேறொரு பாதை இருந்தது. மண் அள்ளுகிற லாரிகள் போய் அது நடுவில் உடைந்துவிட்டது. ஓட்டல் வந்த புதிதில் தெருவில் ஒரு சாவு விழுந்தபோது, தங்கியிருந்தவர்கள் குழந்தை பயந்து அழுகிறது என்று புகார் சொன்னார்கள். அப்போது சௌமியாதான் தெருவில் வந்து பேசினாள். புளியமரத்தடிக்கு வந்ததும் மேளத்தை நிறுத்தி, ஓட்டல் மதில் முடிந்த பிறகு திரும்ப அடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. பிறகு வந்த சாவுகளுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. அந்த இடம் வந்ததும் அடிக்கிறவர்கள் தாமாகவே குச்சியைத் தாழ்த்தினார்கள்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அம்மு, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கஞ்சிக் குவளை இன்னும் கட்டிலுக்குக் கீழேயே இருந்தது. அப்பாவின் வாய் சற்றுக் கோணியபடியே இறுகியிருந்தது. பக்கவாதம் இழுத்த கோணல். தாடையைக் கட்டியிருந்த துணியால் அதை நேராக்க முடியவில்லை. சௌமியா குனிந்து அவர் நெற்றியைத் தொட்டாள். அவள் விரலில் ஒட்டியிருந்த சந்தனம் அவர் நெற்றியில் கோடாக ஒட்டியது. யாருக்கோ குழைத்த சந்தனம். துடைக்கலாமா விடலாமா என்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது.

வெளியே சின்னசாமி அண்ணன் ஆட்களோடு வந்துவிட்டிருந்தார். தெருவில் யார் செத்தாலும் பறை அவருடையது. வேப்பமரத்தடியில் வைக்கோலைக் கொளுத்தி, பறையின் முகத்தைத் தீயில் காட்டித் திருப்பிக்கொண்டிருந்தார். நடுநடுவே விரலால் சுண்டி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். சௌமியா தம்பியை வீட்டின் பின்பக்கம் அழைத்துப்போய் மேலாளர் சொன்னதைச் சொன்னாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாயிருக்கும் என்றுகூட உள்ளுக்குள் இருந்தது. அவன் கத்தினால் அவள் திரும்பிப் போய், "முடியல சார்" என்று சொல்லிவிடலாம்.

"வோணாங்க்கா" என்றான் பிரேம்குமார். உடனே சொன்னான். "மோளம் வோணாம். நைனாவுக்கே அதெல்லாம் புடிக்காது."

அது பொய் என்று இருவருக்கும் தெரியும். அவருக்கு எது பிடிக்கும் எது பிடிக்காது என்று யாரும் கேட்டதில்லை.

அவனே போய்ச் சின்னசாமியிடம் சொன்னான். அவர் பறையைத் தீயிலிருந்து எடுக்காமல், தலையை மட்டும் உயர்த்திப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி அவர் மனைவி தீபா பூவைக் கோத்துக்கொண்டிருந்தாள். அவள் ஓட்டலில் துணி துவைக்கிற இடத்தில் வேலை செய்கிறவள். காலை வேலையிலிருந்து பாதியில் அனுமதி கேட்டு வந்திருந்தாள். ஓட்டல் சட்டையின் மேலேயே சேலையைச் சுற்றியிருந்தாள். அவள் தலை நிமிராமல் பூவைக் கோத்துக்கொண்டே இருந்தாள். கோக்கும் வேகம் மட்டும் கூடியது.

"ஆங்" என்றார் சின்னசாமி. "புளியமரம் வரைக்குமாவது..."

"வூட்லேருந்தே வோணாண்ணா. இன்னிக்கு ஒரு நாள்."

"அது சரி. பரசுராமனுக்கும் இன்னிக்கு ஒரு நாள்தானே." கோபமாகச் சொல்லவில்லை. பறையைத் தீயிலிருந்து விலக்கி, மரத்தில் சாய்த்து வைத்தார். மற்றவர்களும் அப்படியே வைத்தார்கள். வைக்கோல் தானாக எரிந்து அடங்கியது.

உச்சி வெயில் இறங்கும் நேரத்தில் ராஜவேலு மாமா கோடித்துணியோடு வந்தார். அம்முவின் அண்ணன். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தவர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். தவறான தெருவுக்கு வந்துவிட்டோமோ என்று பார்ப்பவர்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு மரத்தில் சாய்த்திருந்த பறைகளைக் கண்டார்.

"இன்னாடா இது, சாவு வூடா, வேற எதனாச்சுமா? மனுசன் செத்துக் கெடக்கறான், ஒரு சத்தத்தக் காணோம்?"

சௌமியாதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கோடித்துணியை மார்போடு அணைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். வயதில் பெரியவர், நாளெல்லாம் தறிச் சத்தத்துக்குள் நின்று காது மந்தம். அவள் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. உரக்கச் சொல்லும்போது அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

"எவன் வூட்டு ரோடு அது?" என்றார். "எம் பாவா உழுத நெலம். அவன் காலடி படாத எடம் அதுல ஒரு சாண் இருக்குமா? அந்த நெலத்துப் பக்கமா அவன எடுத்துகினு போவறதுக்கு, உள்ள குந்திகினு டீ குடிக்கிறவன் காது நோவுதுன்னு... அட, போலீசா வந்து நிக்குது? கோர்ட்டு ஆர்டரா? யாரு தடுத்தா?"

"யாரும் தடுக்கல மாமா."

"பின்ன?"

பந்தலின் கீழ் உட்கார்ந்திருந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். நாற்காலிகளின் முதுகில் ஓட்டலின் பெயர் இருந்தது. பிரேம்குமார் தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை மாமாவிடம் நீட்டினான், அதிலும் இருந்தது. ராஜவேலு பாட்டிலை வாங்காமல் நேரே உள்ளே போய்த் தங்கையின் முன்னால் குந்தினார்.

"நீ சொல்லு அம்மு. நீ அடிங்கன்னா நான் போய் அடிக்கிறேன். எனக்குத் தெரியாது, இருந்தாலும் அடிக்கிறேன்."

அம்மு அண்ணனைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள். சௌமியா இன்னும் பட்டுச்சேலையில்தான் இருந்தாள். மாற்ற நேரமில்லை. மாரில் பெயர்ப்பட்டை குத்தியபடி இருந்தது.

"உயிரோட இருந்தவரைக்கும் சத்தமே போடாத மனுசன்" என்றாள் அம்மு. "வண்டிங்களப் பாத்து ஊதுன்னு ஊதல குடுத்தா அதையும் ஊதமாட்டாரு. இன்னிக்கு ஒரு நாளாச்சும் சத்தமாப் போவட்டும்னு நெனச்சேன்." சேலைத் தலைப்பால் அவர் கோணல் வாயோரத்தை ஒற்றினாள். அங்கே ஒன்றும் இல்லை. "வுடுண்ணா. புள்ளைங்க பொழைக்கணும்."

ராஜவேலு கோடித்துணியை உதறிப் பரசுராமன்மேல் போர்த்தினார்.

பிற்பகலில் எடுத்தார்கள். கூட்டம் மண்டபத்துக்குள் இருக்கிற நேரமாகப் பார்த்து எடுப்பது நல்லது என்று பிரேம்குமாருக்குத் தோன்றியிருந்தது. சௌமியா நிகழ்ச்சி நிரலை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பேச்சு இருக்கிறது, அப்போது எடுக்கலாம் என்று சொன்னாள். பாடையைத் தூக்கியபோது அம்மு ஒருமுறை அலறினாள். அந்த ஒரு குரல் தெரு முழுக்கப் போய் மதிலில் மோதித் திரும்பியது. பக்கத்திலிருந்த பெண்கள் அவளைத் தோளோடு அணைத்தார்கள். அணைப்பில் ஆறுதலும் இருந்தது, அமர்த்துவதும் இருந்தது. எது எவ்வளவு என்று சௌமியாவால் பிரிக்க முடியவில்லை.

மேளம் இல்லாமல் நடப்பது யாருக்கும் பழக்கமில்லை. தூக்குகிறவர்களுக்குக் கால் சேரவில்லை. அடி இருந்தால் அந்த அடிக்குக் கால் தானாக விழும். இன்று பாடை ஒருமுறை இடதுபக்கம் சாய்ந்தது, ஒருமுறை முன்னால் தள்ளியது. "பாத்து, பாத்து" என்று யாரோ சொல்லிக்கொண்டே வந்தார்கள். செருப்பில்லாத கால்கள் தார் ரோட்டில் படும் ஓசையும் மூச்சும் கேட்டன. சின்னசாமி வெறுங்கையோடு நடந்தார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டினார். பிறகு அவிழ்த்து, பூக்கூடையை யாரிடமிருந்தோ வாங்கி அவரே இறைக்கத் தொடங்கினார்.

புளியமரத்தடியில் பெண்கள் நின்றார்கள். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. எதிரே ஓட்டலின் வாசல். மண்டபத்தில் நடக்கிற பேச்சு வெளியில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று புல்வெளியில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சு ரோட்டுக்கும் கேட்டது. நல்ல கனமான குரல். தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசினார்.

"...ஒரு ஊருக்கு ஒரு விருந்தாளி வர்றார்னா, அவர் தனியா வரல. அவர் பின்னால ரோடு வருது, வேலை வருது, படிப்பு வருது. பூக்காரம்மாவுக்கு வருது, ஆட்டோக்காரருக்கு வருது. தேசத்தோட வளர்ச்சிங்கிறது டெல்லியில நடக்கற சமாச்சாரம் இல்லை நண்பர்களே. இந்த மாதிரி ஒரு வாசல்லதான் அது காலெடுத்து வைக்குது..."

பாடை வாசலைக் கடந்துகொண்டிருந்தது. கால் சேராமல் தடுமாறிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு எப்படியோ கால் வைக்கத் தொடங்கியிருந்ததைச் சௌமியா பார்த்தாள். பேச்சு நின்று கைதட்டல் எழுந்தது. நீண்ட கைதட்டல். அது முடிவதற்குள் பரசுராமன் தான் உழுத நிலத்தின் முகப்பைத் தாண்டிவிட்டிருந்தார்.

மேலாளர் வாசலில் கைகூப்பி நின்றிருந்தார். மாலை வாங்கி வைத்திருந்தார். பாடையை நிறுத்தச் சொல்லலாமா என்று தயங்கி, கடைசியில் கூடவே இரண்டடி நடந்து, கால்மாட்டில் போட்டார். புல்வெளியின் ஓரத்தில் புகைபிடிக்க வந்த இருவர் நின்றிருந்தார்கள். ஒருவர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்து, தலையைத் தாழ்த்தினார். மற்றவர் மேலாளரைக் கூப்பிட்டு, "இங்கெல்லாம் டிரம்ஸ் இருக்குமே? நான் கேள்விப்பட்டிருக்கேனே" என்றார். உண்மையாகவே ஏமாற்றமாக இருந்தது அவர் குரல். மேலாளர் என்ன பதில் சொன்னார் என்று ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை.

ஊர்வலம் ஆற்றுப் பக்கம் திரும்பி மறைந்தது. ஓட்டல் முகப்பு நெடுகச் சாமந்தியும் ரோஜா இதழும் பொரியும் சிதறிக் கிடந்தன. கார் ஒன்று அவற்றின்மேல் ஏறி உள்ளே போயிற்று; இதழ்கள் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வாசல் சிமென்ட் தரை வரை கோடிழுத்தன. சௌமியா பார்த்துக்கொண்டே இருந்தாள். டீ நேரத்துக்குள் இதைப் பெருக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். யாருக்கு இப்போது ஷிப்ட், யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு நொடி பெயரைக்கூடத் தேடினாள்.

பிறகுதான் அது எந்தப் பூ என்பது அவளுக்கு உறைத்தது.

அவள் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டாள். யாரும் அவளிடம் அப்படி நினைக்கச் சொல்லவில்லை. ராகவேந்திரா சாரோ, மண்டபத்தில் பேசிய அந்தக் கனத்த குரலோ சொல்லவில்லை. தன் தலைக்குள் அது தானாக வந்தது. அப்பா இன்னும் குழிக்குள்கூட இறங்கவில்லை. மாரில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைக் கழற்ற முயன்றாள். ஊசி சேலைப் பட்டில் சிக்கிக்கொண்டு வரவில்லை. பக்கத்தில் நின்ற தீபா, "இரு, இரு, கிழிஞ்சிடும்" என்று அவள் கையை விலக்கி நிதானமாகக் கழற்றிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ரோட்டைக் கடந்து ஓட்டலுக்குள் போனாள். அவளுக்கு அனுமதி அவ்வளவு நேரத்துக்குத்தான். சற்றுப் பொறுத்து இன்னொரு பெண்ணோடு துடைப்பமும் முறமுமாக வெளியே வந்து, குனிந்து பெருக்கத் தொடங்கினாள். சௌமியாவால் அவளை வேண்டாம் என்று கூப்பிட முடியவில்லை. வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

பொழுது சாய்ந்தது. இடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி, கால் கழுவி, விளக்கைப் பார்த்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். ராஜவேலு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பேருந்துக்குப் போய்விட்டார் என்று பிரேம்குமார் சொன்னான். அவன் கைகளில் மண் முழுவதும் போகவில்லை. நகக்கண்களில் சிவப்பாக இருந்தது. மேலாளர் இரவுச் சாப்பாடு ஓட்டலிலிருந்தே அனுப்பியிருந்தார். யாரோ பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். நெய் வாசனை வந்தது.

பந்தலுக்குக் கீழே பெண்கள் அம்முவைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதல் அடி விழுந்தது. ஒரே ஓர் அடி. பிறகு இரண்டு. பிறகு பத்துப் பறைகள் சேர்ந்து இறங்கின. சென்னையிலிருந்து வரவழைத்த குழு. விருந்தினர்களுக்காகப் புல்வெளியில் மேடை போட்டு, விளக்குப் போட்டு ஆடுகிறார்கள். அவர்கள் தங்குவதற்கு அறை ஒதுக்கியதே சௌமியாதான். காலையிலிருந்து ஒருமுறைகூட அது அவள் நினைவுக்கு வரவில்லை. சத்தம் மதிலைத் தாண்டி வந்து ஓட்டுக் கூரைகளிலும் தகரங்களிலும் விழுந்தது. கட்டியிருந்த மாடு ஒன்று எழுந்து நின்றது. பந்தலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இன்னாடி சத்தம்?" என்றாள் அம்மு.

"ஓட்டல்ல ப்ரோகிராம்மா" என்றாள் சௌமியா. அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. "வந்தவங்களுக்காக."

அம்மு தலையைச் சாய்த்துக் கேட்டாள். நடைக்கேற்ற நிதானமான அடி முடிந்து வேகம் பிடித்தது, நடுவில் யாரோ ஓங்கிச் சீழ்க்கை அடித்தார்கள், ஆட்கள் கூச்சலிட்டார்கள். மரத்தடியில் சின்னசாமி முழங்காலைக் கட்டிக்கொண்டு, அடங்கிப்போன வைக்கோல் சாம்பலைப் பார்த்தபடி இருந்தார்.

"நல்லாத்தான் அடிக்கிறானுங்க" என்றாள் அம்மு.

சொல்லிவிட்டு அவள் வலது கையைத் தரையில் வைத்தாள். கை மெல்ல எழுந்தது, விழுந்தது. அடிக்கு அடி சரியாக விழுந்தது. உள்ளங்கை மண்ணில் படும் ஓசை யாருக்கும் கேட்டிருக்காது. மதிலுக்கு அப்பாலிருந்து வந்த சத்தம் அவ்வளவு பெரிதாக இருந்தது. சுற்றியிருந்த பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டுக்கொண்டு சற்று முன்னால் குனிந்தார்கள். யாராவது ஒருத்தி ஒப்பாரிக்கு முதல் குரல் எடுக்க வேண்டும். கழுத்துகள் நீண்டு, உதடுகள் பிரிந்து, அவர்கள் அப்படியே குனிந்திருந்தார்கள். மேடை விளக்கின் வெளிச்சம் நிறம் மாறி மாறி மதிலுக்கு மேல் எழுந்து, பந்தலின் வெள்ளைத் துணியில் பச்சையாகவும் சிவப்பாகவும் விழுந்துகொண்டிருந்தது.